வெள்ளிக்கிழமை காத்திருந்த ஒரு பக்கம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் உருப்படியான அறிவுரை ஒன்றுதான் இருக்கிறது. கூட்டத்தில் கொடுக்கும் பிஸ்கட்டை நம்பிக் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வராதீர்கள். அதைச் சொல்லியாயிற்று. மீதி நான் பேசப்போவது அனுபவமா புலம்பலா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடல் வரைபடத்தில் எந்த வண்ணம் எதற்கு, எல்லைக் கோட்டை எப்படிக் கணக்கிடுவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஓய்வு பெறும் நாள்வரை கணினியில் ஒரு வரைபடத்தைத் திறக்க ஆளைக் கூப்பிட்டவள் நான். நான் சொல்லப்போவது வகுப்பில் வராத விஷயம். இரண்டு நாடுகள் ஒரு கடலைச் சேர்ந்து பார்த்துக்கொள்வது என்றால் கடைசியில் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதுதான். அந்த மேசையில் நல்லவர்கள் மட்டுமே உட்கார்ந்திருந்தும் ஒரு காரியம் கெட்டுப்போனது. கெட்டவர் ஒருவராவது இருந்திருந்தால் எனக்கு இத்தனை காலம் மனசு அடித்துக்கொண்டிருக்காது. அவரைத் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

எங்கள் அலுவலகம் அப்போது இதே ஊரில் தம்பானூரில், பஸ் ஸ்டாண்டை அடுத்து ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்தது. தில்லியின் கீழ் வரும் சின்னத் திட்டக் குழு. நமக்கும் மாலத்தீவுக்கும் நடுவே கிடக்கிற கடலுக்கு ஒரு கூட்டுத் திட்டம் தயாரிப்பது எங்கள் வேலை. கப்பல் எந்தப் பாதையில் போகலாம், சூரை மீனை எந்தப் பருவத்தில் எங்கே பிடிக்கலாம், எந்தப் பகுதியைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று இரண்டு தரப்பும் பேசிப் பேசி எழுதுவோம். ஒத்துப்போகாத வாக்கியத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பது எங்கள் தொழிலின் வழக்கம். ஒத்துப்போன அன்றைக்கு அடைப்புக்குறியை எடுத்துவிடலாம். முதல் வருஷம் எங்கள் திட்டத்தில் வாக்கியங்களைவிட அடைப்புக்குறிகள்தான் அதிகம் என்று நான் சொல்வேன்.

எங்கள் தலைவரைப் பெரிய சார் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் வீடு, பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். எதிரில் இருப்பவர் மனம் கோணக் கூடாது என்பதற்காகத் தன் கருத்தை மென்று விழுங்கிவிடுகிற மனிதர். நான் நேர் எதிர். நாஞ்சில் நாட்டுக் குடும்பம், அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம். பேரம் நடக்கிற வீட்டில் வளர்ந்ததால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெரிய சார் என்னைக் கூட்டத்துக் குறிப்புகள் எடுக்க வைத்திருந்ததே, எழுதிக்கொண்டிருந்தால் பேச மாட்டேன் என்பதற்காகத்தான் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

மாலத்தீவுத் தரப்புக்குத் தலைவி நஸீமா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அவளுடைய அம்மாவுக்கு வருஷக் கணக்காக இங்கேதான் வைத்தியம். அந்த நாட்டிலிருந்து எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்காக இந்த ஊருக்கு வந்து போகிறார்களே, அப்படி. அதனால் நஸீமாவுக்கு இந்த ஊர் அத்துப்படி. ஆட்டோக்காரரிடம் மீட்டர் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிற அளவுக்கு மலையாளம் வரும். கூட்டத்தில் ஆங்கிலம் பேசுவாள், வெளியே வந்தால் நான் அவளுக்குச் சேச்சி, அக்கா.

முதல் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பெரிய சாரைப் புரியும். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து இலை போட்டுச் சத்யை என்ற மலையாளச் சைவ விருந்தை ஏற்பாடு செய்திருந்தார். அவியல், ஓலன், காளன், விதவிதமாகப் பாயசம். வந்தவர்களோ மூன்று வேளையும் சூரை சாப்பிடுகிறவர்கள். காலையெல்லாம் சூரையைப் பற்றியே பேசிவிட்டு, மதியம் இலையில் ஒரு துண்டு மீன் இல்லாமல் பூசணிக்காயைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. மறுநாள் பெரிய சார் பக்கத்து ஓட்டலிலிருந்து மீன்கறி வரவழைத்தார். வேறு மேசையில் போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் தன் தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு நஸீமாவுக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்தார். முட்டை பொரிக்கிற வாசனைக்கே தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிற மனிதர் அவர்.

அடுத்த கூட்டம் அவர்கள் ஊரில். அவருக்காக நஸீமா புதுக் குக்கர், புதுக் கரண்டி எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை, மீன் படாத பாத்திரம் என்று அவர் நம்ப வேண்டும் என்பதற்காக. அதன்பின் இது ஒரு போட்டி மாதிரி ஆகிவிட்டது. நோன்பு மாதத்தில் எங்கள் மேசையில் தண்ணீர் பாட்டில் இருக்காது. எங்கள் ஆட்களில் யாருக்கு எந்தக் கிழமை விரதம் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் ராகுகாலம் அவர்களுக்குத் தெரியும், அவர்கள் தொழுகை நேரம் எங்களுக்குத் தெரியும். வேறு நாட்டுக் குழுக்களோடு வேலை செய்த நண்பர்களிடமெல்லாம் நான் இதைப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அடைப்புக்குறிகள் ஒவ்வொன்றாகக் கழன்றதற்கு அந்த மரியாதைதான் காரணம் என்பதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

இனி அந்த ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது நஸீமாவின் யோசனை. எஞ்சின் நின்றுபோன மீன்பிடிப் படகு நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு போகும். மழைக்காலத்தில் அவர்கள் படகு கிழக்கே நம் பக்கம் வரும், காற்று திரும்பினால் நம் படகு மேற்கே அவர்கள் பக்கம் போகும். கடலில் கோடா போட்டிருக்கிறது? ஆனால் கோட்டைத் தாண்டிய படகு அந்நியப் படகு. அதைத் தொட வேண்டுமென்றால் இங்கிருந்து தில்லிக்கு, அங்கிருந்து தூதரகத்துக்கு, பிறகு அவர்கள் தலைநகரத்துக்கு என்று சொல்லி அனுப்ப வேண்டும். பதில் திரும்பி வருவதற்குள் படகு எங்கேயோ போய்விடும். நஸீமா எழுதிய பக்கம் இதைத்தான் மாற்றியது. தத்தளிக்கிற படகை, எந்த நாட்டுப் படகு பக்கத்தில் இருந்தாலும் இழுத்து வரலாம். யாரிடமும் முன்கூட்டிக் கேட்க வேண்டாம். இழுத்து வந்தவனை விசாரணைக்கு நிறுத்தி வைக்கக் கூடாது. அவ்வளவுதான். திட்டம் முழுவதிலும் ஒரு அடைப்புக்குறிகூட இல்லாமல் முதல் வாசிப்பிலேயே எல்லோரும் தலையாட்டியது அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான்.

அதை எடுத்துக்கொண்டு நான் குமரிக் கரையில் படகுக்காரர்களிடம் பேசப் போனேன். ஆழ்கடலுக்குப் போகிற ஒரு விசைப்படகின் ஸ்ராங்கு, படகோட்டி, ரொம்ப நேரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முன்னொரு தடவை அவர் ஒரு வெளிநாட்டுப் படகை இழுத்து வந்திருக்கிறார். ஆளைக் காப்பாற்றியதற்கு நன்றி சொன்ன கையோடு, விசாரணை முடியும்வரை அவர் படகையும் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். ஐஸ் கரைந்து, பிடித்த மீனெல்லாம் நாறிப்போனது. கூலி இல்லாமல் வீட்டுக்குப் போன ஆட்கள் அடுத்த தடவை அவர் படகில் ஏறவில்லை. "இந்தக் காகிதம் எப்ப மேடம் வரும்?" என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் கையெழுத்தாகிவிடும் என்று சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அந்தக் கூட்டம் இங்கே நடந்தது, தம்பானூர் ஓட்டல் ஒன்றின் கூடத்தில். பெரிய திட்டம் முடிய இன்னும் காலம் ஆகும், இந்தப் பக்கத்தை மட்டும் தனியாக முதலில் முடித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தலைநகரங்களும் அனுமதி கொடுத்திருந்தன. அந்தக் கூட்டத்துக்கு மட்டுமான அனுமதி. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சாயங்கால விமானத்தில் அவர்கள் கிளம்ப வேண்டும். காலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சரிபார்த்து, சுத்தப் பிரதி எடுத்து மேசையில் வைத்தபோது பத்தரை தாண்டியிருந்தது. பேனாவின் மூடியை நான்தான் கழற்றி வைத்தேன்.

நஸீமா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பெரிய சாரைப் பார்த்துச் சிரித்தாள். வெள்ளிக்கிழமை இந்த நேரம் உங்களுக்கு ஆகாதே, ராகுகாலம் போகட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்றாள். அவள் குரலில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு பரிசைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிற மாதிரி சொன்னாள். பெரிய சார் கை கூப்பினார். எங்கள் வழக்கத்தை இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறீர்களே என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். எல்லோருக்கும் காபி வந்தது. நான் பேனாவை மூடினேன்.

பன்னிரண்டு நெருங்கியபோது பெரிய சாரின் முறை. உங்கள் தொழுகை நேரம் வந்துவிட்டது, பாளையம் பள்ளிவாசலுக்குக் கார் சொல்லியிருக்கிறேன், நிம்மதியாகப் போய்விட்டு வாருங்கள், வந்ததும் கையெழுத்துப் போட்டுச் சாப்பிட உட்காரலாம் என்றார். நஸீமா ஒரு நொடி தயங்கினாள். அந்தத் தயக்கத்தை நான் கவனித்தேன், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் நன்றி சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு காரில் ஏறினாள். இரண்டு தரப்பும் இப்படி ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்திருந்தது.

அதன்பின் நம் ஊர் தன் வேலையைக் காட்டியது. தலைமைச் செயலகத்துக்கு முன்னால் அன்றைக்கு ஒரு மார்ச், ஆர்ப்பாட்ட ஊர்வலம். அந்தத் தெருவில் எந்த நாள்தான் மார்ச் இல்லை? ஆனால் அன்று தடுப்பைத் தள்ளி, தண்ணீர் பீய்ச்சி, பாளையத்திலிருந்து தெற்கே வருகிற வழியெல்லாம் அடைத்துவிட்டார்கள். கார் நடுவில் மாட்டிக்கொண்டது. நஸீமா போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், இனி ஓட்டலுக்கு வந்தால் விமானத்தைப் பிடிக்க முடியாது, சுற்று வழியாக நேரே விமான நிலையம் போகிறோம், பெட்டிகளை அங்கே அனுப்பிவிடுங்கள் என்றாள். அந்தப் பக்கத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேர் மனசிலும் அதுதான் இருந்தது.

நான் கீழே இறங்கி ஓர் ஆட்டோவைப் பிடித்து நிறுத்திவிட்டு மேலே ஓடிவந்தேன். ஈஞ்சக்கல் வழியாகப் போனால் விமான நிலையம் பக்கம்தான். காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பெட்டிகளைக் கொடுக்கிற சாக்கில் வாசலிலேயே கையெழுத்து வாங்கிவிடலாம் என்று பெரிய சாரிடம் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தை எடுத்துக் கோப்புக்குள் வைத்தார்.

"வேண்டாம்மா. பெட்டியும் கையுமா நிக்கறவாகிட்ட ரோட்ல நின்னு கையெழுத்து வாங்கினா, அவாளை மடக்கிப் பிடிச்சு வாங்கினா மாதிரி ஆயிடும். அடுத்த கூட்டம் அவா ஊர்லதானே. அவா மண்ணுல போடட்டும், அதுதான் அவாளுக்கு கௌரவம்."

நீளமான வாய் என்று சொன்னேனே, அந்த வாய் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னது அவ்வளவு அழகாக, அவ்வளவு நியாயமாக இருந்தது. அனுமதியைப் புதுப்பிப்பது ஒரு கடிதத்தில் முடிகிற காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆட்டோவில் பெட்டிகள் மட்டும் போயின.

அடுத்த கூட்டம் நடக்கவில்லை. தலைநகரங்களுக்கு நடுவே பேச்சு கசந்துபோனது. அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, சூரைக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் கூட்டம் தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது, பிறகு தேதி கேட்பதையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பழைய அனுமதியைக் காட்டி அந்த ஒரு பக்கத்தையாவது முடிக்கலாமா என்று பெரிய சார் தில்லிக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை. நஸீமா மட்டும் அம்மாவின் மருந்து கேட்டு எனக்குப் போன் செய்வாள். ஆபீஸ் விஷயத்தை இருவரும் தொட மாட்டோம்.

ஆவணி மாதம் ஒரு காலையில் அவள் கூப்பிட்டபோது மருந்துக்காகத்தான் என்று நினைத்து எடுத்தேன். அவள் ஆபீஸ் குரலில் பேசினாள். வடக்குத் தீவு ஒன்றிலிருந்து போன படகு, நாலு பேர், எஞ்சின் நின்றுவிட்டது, கிழக்கே உங்கள் பக்கம்தான் வந்துகொண்டிருக்கும். நாங்கள் முறைப்படி எழுதியாயிற்று, ஆனால் அது எப்போது உங்கள் கைக்கு வருமோ தெரியாது, அதனால்தான் நேரே சொல்கிறேன் என்றாள். கடைசியில் மட்டும் குரல் உடைந்து, சேச்சி, ஏதாவது செய்யுங்கள் என்றாள்.

பெரிய சார் தில்லிக்குப் போன் போட்டார். தகவல் வந்ததும் சொல்கிறோம், அதுவரை பொறுங்கள் என்றார்கள். நான் குமரிக் கரையில் எனக்குத் தெரிந்த படகு முதலாளிகளையெல்லாம் கூப்பிட்டு, அந்தத் திசையில் யாராவது இருந்தால் பார்க்கச் சொன்னேன். மதியத்துக்குமேல் ஒரு முதலாளி திருப்பிக் கூப்பிட்டார். அவர் படகு அவர்களைப் பார்த்துவிட்டது. நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், தண்ணீரும் ஒரு பானைச் சோறும் கொடுத்திருக்கிறார்கள். படகை ஓட்டுகிறவர் அதே ஸ்ராங்கு. அவ்வளவு தூரத்துக் கடலிலிருந்து நேரே பேச முடியாது. படகு விட்டுப் படகாக வயர்லெஸ்ஸில் சொல்லிச் சொல்லித்தான் சேதி கரைக்கு வரும். அப்படி வந்து சேர்ந்த கேள்வி ஒன்றுதான். அந்தக் காகிதம் கையெழுத்தாயிற்றா என்று மேடத்திடம் கேட்டுச் சொல்லவும்.

இன்னும் இல்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? முதலாளி பொறுமையாகவே பேசினார். மேடம், போன தடவை பட்டது போதும், ஆட்கள் பயப்படுகிறார்கள், நிறுத்தி வைக்க மாட்டோம் என்று உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிக் கொடுங்கள், உடனே கயிறு கட்டச் சொல்கிறேன் என்றார். நான் பெரிய சாரைப் பார்த்தேன். அவர் மறுபடி தில்லியைக் கூப்பிட்டார். சம்பந்தப்பட்டவர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டுக் கைகளைப் பிசைந்துகொண்டு அறைக்குள் நடந்தார். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி, "இழுத்துண்டு வரச் சொல்லுங்கோ. யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்கோ. என் வேலை போனாலும் பரவாயில்லை" என்றார்.

முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் யாரையும் கேட்காமல் செய்த ஒரே காரியம் அது. அதைச் செய்ய அவர் தயாராவதற்குப் பிடித்த நேரத்தில் கடலில் காற்று எழுந்துவிட்டது. அவர் வார்த்தை படகு விட்டுப் படகாகப் போய்ச் சேர்ந்தபோது, ஸ்ராங்கு அலைக்குப் பயந்து கொஞ்சம் விலகி வந்திருந்தார். கேட்ட உடனே திரும்பிப் போயிருக்கிறார். இருட்டும்வரை தேடியிருக்கிறார். படகைக் காணவில்லை.

பிறகு அந்த வழியாகப் போன ஒரு சரக்குக் கப்பல்தான் அதைக் கண்டது. பாதி முழுகின படகில் இரண்டு பேர் இருந்தார்கள். படகுச் சொந்தக்காரரும் அவருடைய மருமகனும் இல்லை. பிழைத்தவர்களை இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நஸீமா வந்தாள், நான் கூடப் போனேன். உதடெல்லாம் வெடித்திருந்த அந்த இரண்டு பேரும் நடந்ததைச் சொல்ல, நஸீமா எனக்கு மலையாளத்தில் சொன்னாள். நம் படகு கொடுத்த சோற்றுப் பானையால்தான் கடைசிவரை தண்ணீரை இறைத்திருக்கிறார்கள். நம் படகு விலகியபோது, கயிறு கட்டுவதற்காகத்தான் வளைந்து வருகிறது என்று நினைத்துக் கையசைத்தார்களாம். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவளே பெரிய சாரைப் பார்க்க வேண்டும் என்றாள். ஸ்ரீவராகத்து வீட்டின் முன்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாமி காபி கொண்டுவந்து வைத்தாள், யாரும் தொடவில்லை. வெளிநாட்டவர்களிடம் ஆயுள் முழுக்க அழகான ஆங்கிலம் பேசியவர் அன்று என்னிடம் தமிழில்தான் ஆரம்பித்தார்.

"இவகிட்ட சொல்லும்மா. நேக்கு இந்த ராகுகாலத்துல எல்லாம் நம்பிக்கையே கிடையாது. என் கல்யாணப் பத்திரிகைலகூட எங்கப்பாதான் நேரம் பார்த்தார். அன்னிக்கு இவ அவ்வளவு ஆசையா சொன்னா. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

நான் சொன்னேன். நஸீமா மெதுவாக, மலையாளத்தில், என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"சேச்சி, பயணத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமைத் தொழுகை கட்டாயமில்லை. பெண்களுக்கும் கட்டாயமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அறையிலேயே தொழுதிருப்பேன். சார் காருக்கே சொல்லி வைத்திருந்தார். எப்படி வேண்டாம் என்று சொல்வது?"

இதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரிய சார் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நஸீமா எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். தொடலாமா கூடாதா என்று அப்போதும் அவளுக்கு ஒரு தயக்கம். கடைசியில் நாற்காலியின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பிள்ளைகளே, எதிரில் இருப்பவரை மதிக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மதிக்கத் தெரியாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். ஆனால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது, விட்டுக்கொடுப்பது யாருடையது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு நாங்கள் கொடுத்த காலை நேரம் எங்களுடையதில்லை. அந்த மேசையில் தங்களுக்கென்று நாற்காலி இல்லாத படகுக்காரர்களுடையது. அவர்களைக் கேட்டிருந்தால், ராகுகாலம் என்ன, நடுத்தெரு என்ன, முதலில் கையெழுத்தைப் போடுங்கள் என்றிருப்பார்கள். எங்களில் ஒருவர், ஒரே ஒருவர், அன்று கொஞ்சம் மரியாதை தெரியாதவராக இருந்திருக்கலாம். அந்த வேலைக்கு அங்கே எல்லோரிலும் பொருத்தமானவள் நான்தான், எனக்கு அது அப்போது தெரியவில்லை. இதை நினைத்து நினைத்து எனக்கு ஆற மாட்டேனென்கிறது.

பெரிய சார் மேலிடத்தைக் கேட்காமல் வாக்குக் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். வேலை போகவில்லை. சில மாதங்களில் வயதாகி ஓய்வு பெற்றார். அதன்பின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. நாங்கள் பிரிவுபசாரம் என்று கூப்பிட்டபோதும், மனசு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

தலைநகரங்கள் மறுபடி பேசிக்கொள்ளத் தொடங்கியபோது அவருடைய நாற்காலியில் நான் இருந்தேன். கூட்டம் இங்கே, அதே ஓட்டலில். முதல் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது, யாரும் நாள் பார்த்து வைத்ததில்லை. நஸீமா விமான நிலையத்திலிருந்து நேரே வந்தாள். தோளில் பை, காலில் செருப்பு நனைந்திருந்தது. வரவேற்பதற்கென்று வாங்கி வைத்திருந்த பூங்கொத்தை எங்கள் ஆள் நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை.

"சேச்சி, பேனா."

கொடுத்தேன். நின்றபடியே போட்டாள். நானும் நின்றபடியே போட்டேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, நல்ல ராகுகாலம். அதன்பிறகுதான் உட்கார்ந்தோம்.

பெரிய சாருக்குப் போன் செய்தேன். நல்லது என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்த ஸ்ராங்குக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். முதலில் அவருக்குச் சொல் என்றார்.

ஸ்ராங்கு கரையில்தான் இருந்தார். காகிதம் கையெழுத்தாகிவிட்டது என்று சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன் மேடம்" என்றார். "இனி ஆரிட்டயும் கேக்காண்டாம் இல்லியா?"

"கேட்க வேண்டாம்."

"கயிறு அன்னைக்கும் கையிலதான் இருந்துது மேடம்" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.